கதிரையில் காலைத் தூக்கி வைத்திருக்கும் யோகா

கஜந்தி அதுவரைக்கும் உயிரோடு இருக்கிற ஒருவரையும் வரைந்ததில்லை.

மெல்பேர்ணின் கிழக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் யாராவது கண்ணை மூடினால், ஐயருக்கும் மண்டபத்துக்கும் சொன்ன கையோடு கஜந்திக்கும் சொல்லிவிடுவார்கள். வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்து சேரும். அனேகமாக அது பாஸ்போட் படமாக இருக்கும்: வாயை மூடி, இரண்டு காதும் தெரிய, பின்னால் வெள்ளைச் சுவர். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு முன்னர் அந்த முகத்தை அவள் கன்வஸில் எண்ணெய் வர்ணத்தில் ஏற்றிக் கொடுக்க வேண்டும். அதற்குச் சந்தன மாலை போட்டு, விளக்கேற்றி, படைத்து, பிறகு வீட்டுச் சுவரில் மாட்டுவார்கள்.

படத்தோடு கூடவே வேண்டுகோள்களும் வரும்.

“அப்பாவுக்கு ஒரு கோட் போட்டுவிடுங்கோ பிள்ளை.”

“அம்மான்ர கழுத்து வெறுமையாக் கிடக்கு. ஒரு பதக்கஞ் சங்கிலி வைச்சால் நல்லம்.”

“மாமா கடைசிக் காலத்தில நல்லாக் கறுத்துப் போனார். பழைய நிறத்துக்குக் கொண்டுவாங்கோ.”

எல்லாவற்றுக்கும் கஜந்தி “ஓம்” என்றாள். இல்லை என்று சொல்லிப் பழகியவள் அல்ல அவள். 2012இல் படகில் வந்து இறங்கிய நாளிலிருந்து யார் எதைக் கேட்டாலும் ஓம் என்று சொல்லி, காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்து, நீட்டிய கதிரையில் முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு இருந்தே பதின்மூன்று வருடம் போய்விட்டது. விசா இன்னமும் தற்காலிகம்தான். ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் அவளையும் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி, சிரிக்க வேண்டாம் என்று சொல்லிப் படம் எடுப்பார்கள்.

ஓவியம் அவள் எங்கும் போய்ப் படித்ததல்ல. கிளிநொச்சியில் பள்ளிக்கூடம் போன காலத்தில் மற்றப் பிள்ளைகளின் உயிரியல் கொப்பிகளில் தவளையின் குடலைப் படமாகக் கீறிக் கொடுத்ததுதான் தொடக்கம். பிறகு தடுப்பு முகாமில், ஊரில் தாயை இழந்த ஒருவர் ஒரு சின்னப் படத்தைக் கொண்டுவந்து காட்டி, இதைப் பெரிதாகக் கீறித் தர முடியுமா என்று கேட்டார். அவருக்குக் கீறியதைப் பார்த்து இன்னொருவர் கேட்டார். வெளியே வந்து, ஆஸ்பத்திரி விரிப்புகளைத் தோய்த்து மடித்து அனுப்பும் ஒரு லோன்றியில் பின்னேர வேலை கிடைத்த பிறகும் கேட்டு வந்தார்கள். இப்படியே இறந்தவர்களின் ஓவியக்காரி ஆகிப்போனாள்.

அவள் செய்து கொடுத்த படத்தைப் பார்த்துக் குறை சொன்னது ஒரேயொருவர்தான். அவர் யோகா என்ற பெண்மணி. ரோவில் பகுதியில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், ஐம்பத்தேழு வயது, வாய் கொஞ்சம் நீளம். ஆறு வருடங்களுக்கு முன்னர் கணவர் இறந்தபோது, மற்றவர்களைப் போலவே அவரும் ஒரு டை கட்டி வரையச் சொல்லிப் படம் அனுப்பினார். கஜந்தி கொண்டுபோய்க் கொடுத்த படத்தைச் சுவரில் சாய்த்துவைத்து அதிக நேரம் பார்த்தார்.

“நல்ல வடிவாக் கீறியிருக்கிறீர்,” என்றார். “ஆனா இது ஆர்?”

கஜந்திக்கு முகம் செத்துப்போயிற்று.

“உம்மில பிழை இல்லை பிள்ளை. அந்த மனிசன் ஒருநாளும் டை கட்டினவர் இல்லை. கட்டச் சொன்னது நான். பிழை என்ர.”

அப்படித்தான் பழக்கம் தொடங்கியது. அந்த வருடமே யோகாவும் தூரிகை ஒன்றை வாங்கினார். யூக்கலிப்டஸ் மரத்தைத் தவிர வேறொன்றையும் வரையமாட்டார். அந்த மரமும் நிமிர்ந்து நிற்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் கஜந்தி பஸ் ஏறி ரோவிலுக்குப் போவாள். யோகா காரை வெளியே எடுத்துவிட்டு, கராஜ் கதவை மேலே உருட்டிவிட்டு, இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளைப் போடுவார். இரண்டு பேரும் இரண்டு பக்கம் திரும்பி இருந்து வரைவார்கள். ஒருவர் மற்றவருக்கு எதையும் கற்றுக்கொடுத்ததில்லை. யோகா தன் மரத்தைத் திட்டுவார். கஜந்தி கேட்டுக்கொண்டு யாரோ ஒருவருடைய தந்தைக்குக் கோட் போட்டுக்கொண்டிருப்பாள்.

இந்த வருடம் ஜூலையில் ஒரு ஞாயிறு, நூலகத்தில் கழித்து விற்ற புத்தகம் ஒன்றை யோகா தூக்கிக்கொண்டு வந்தார். தடித்த ஓவியப் புத்தகம்.

“இஞ்ச பார் கஜந்தி, இந்தப் பெடியன் இருக்கிற சீரை. ரெண்டு காலையும் தூக்கிக் கதிரையில வைச்சுக்கொண்டு. எங்கட வீட்டில எண்டால் அம்மா அகப்பைக் காம்பால ரெண்டு போட்டிருப்பா.”

கறுத்தக் கோட்டும் சாம்பல் நிறக் காற்சட்டையும் போட்ட ஓர் இளைஞன். சப்பாத்துக் கால்களைக் கதிரையின் விளிம்பில் ஊன்றி, முழங்கால்களைக் கையால் கட்டிக்கொண்டு, தன்னை ஒருவன் வரைகிறான் என்ற நினைப்பே இல்லாமல் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். கஜந்தியின் ஆங்கில வாசிப்பு மெதுவாகத்தான் போகும் என்பதால் யோகா வாசித்துச் சொன்னார். 1867, பரிஸ் நகரம். வரைந்தவனும் ஓவியன், கதிரையில் இருப்பவனும் ஓவியன். ஒரே அறையில் இருந்து வேலை செய்த கூட்டாளிகள். இம்பிரஷனிஸ்ட் என்ற பெயரே அவர்களுக்கு அப்போது வந்திருக்கவில்லை. மூன்று வருடத்தில் வரைந்தவன் போருக்குப் போய்ச் செத்துப்போனான். கதிரையில் இருந்தவன் கிழவனாகும் வரைக்கும் வரைந்துகொண்டிருந்தான்.

கஜந்தி புத்தகத்தை வாங்கி மடியில் வைத்தாள். செத்தவன் உயிரோடு இருக்கிறவனை வரைந்துவைத்துவிட்டுப் போயிருக்கிறான். அவள் இவ்வளவு காலமும் செய்துவந்தது அதற்கு நேர் எதிர். இந்தப் பெடியனின் கழுத்தில் யாரும் எதையும் கூட்டிப் போடச் சொல்லவில்லை. காலை இறக்கு என்றும் சொல்லவில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். கராஜின் சீமெந்துத் தரை அந்தக் குளிரில் ஐஸ் கட்டியாக இருந்தது. யோகா செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, தடித்த சொக்ஸ் போட்ட இரண்டு காலையும் கதிரையில் தூக்கி வைத்துக்கொண்டு, தன் மரத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது பெருவிரல் ஓட்டைக்குள்ளால் வெளியே தெரிந்தது. வீட்டுச் சட்டையில் பச்சை வர்ணம். தலைக்கொண்டையில் ஒரு தூரிகை.

கஜந்தி எழும்பினாள். ஈசலில் இருந்த கோட் போட்ட தந்தையை இறக்கிவைத்துவிட்டுப் புதுக் கன்வஸை ஏற்றினாள். பென்சிலால் ஒரு கோடுகூடப் போடாமல் வர்ணத்தோடு தொடங்கினாள். கதவால் வந்த வெயில் யோகாவின் ஒரு பக்கக் கன்னத்தில் மட்டும் விழுந்தது. மறுபக்கம் நீலமாக இருந்தது, அவள் நீலத்தையே போட்டாள். முகத்துக்கு எட்டோ ஒன்பதோ இழுப்புகள் போதுமாக இருந்தன. தரைக்குத்தான் நேரம் எடுத்தது, அந்தக் குளிரைக் கொண்டுவருவது லேசாக இருக்கவில்லை. இரண்டு மணித்தியாலத்தில் வெயில் போய்விட்டது. அவளும் நிறுத்திவிட்டாள்.

யோகா எழும்பி வந்து பின்னால் நின்றார்.

“நிறத்தைக் கூட்டேல்லையே?”

“இல்லை அக்கா.”

“சங்கிலி?”

“போட்டிருந்தனீங்களோ?”

“இல்லை.”

“அப்ப இல்லை.”

யோகா கிட்டப் போய்ப் பெருவிரலைப் பார்த்தார். “அறுவாள், சொக்ஸ் ஓட்டையையும் விடேல்லை,” என்று செல்லமாகத் திட்டினார். பிறகு நிமிர்ந்தார். “இது நான்தான்,” என்றார்.

அந்தப் படத்தைத் தமிழ் ஒன்றியத்தின் கலைவிழாவுக்குக் கொடுப்பது என்று கஜந்தி தானாகவே முடிவெடுத்தாள். வருடந்தோறும் ஒரு சனி ஞாயிறு, மல்கிரேவில் ஒரு மண்டபத்தை எடுத்து ஓவியக் கண்காட்சியும் வைப்பார்கள். இத்தனை வருடமாக அவளிடம் யாரும் படம் கேட்டதில்லை, அவளும் கொடுத்ததில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலைக்குப் போகும் வழியில், பழைய விரிப்பு ஒன்றில் படத்தைச் சுற்றிக்கொண்டு போனாள். வாசலில் ஒன்றிய வேலைகளைப் பார்க்கும் கலா அன்ரி படிவம் நீட்டினார். படத்தின் பெயர்: யோகா. வரைந்தவர்: கஜந்தி. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் வேறு கதை கதைக்காமல் ஓடிவிட்டாள்.

பிழை அங்கேதான் நடந்தது. கலா அன்ரிக்கு யோகாவை நன்றாகத் தெரியும், நாலைந்து மாதமாகக் கண்டதில்லை. கஜந்தி யாரை வரைகிறவள் என்பதும் தெரியும். விரிப்பை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, அந்த இரண்டையும் சேர்த்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு யோகாவின் அழைப்பு வந்தது.

“கஜந்தி, நான் செத்துப்போனனாம்.”

“ஆர் சொன்னது அக்கா?”

“லிட்கமில இருந்து மச்சாள் நிரஞ்சினி எடுத்தவள். நான் ஹலோ எண்ட உடனே, ‘ஆர், மகளோ கதைக்கிறது’ எண்டு கேட்டு அழத் தொடங்கிட்டாள். நான்தானடி யோகா எண்டன். போனை வைச்சிட்டாள்.”

“ஏன் அப்பிடி?”

“ஒன்றியத்தின்ர குரூப்பில கண்ணீர் அஞ்சலி போட்டிருக்கு. பூவெல்லாம் வைச்சு. வெளிக்கிடு, நான் வந்து ஏத்திறன். என்ர செத்தவீட்டுக்கு நான் பிந்தக் கூடாது.”

மண்டபத்தில் மற்றப் படங்கள் எல்லாம் சுவரோரம் வரிசையாக இருந்தன. யோகாவின் படம் மட்டும் வாசலுக்கு நேரே தனி ஈசலில் நின்றது. சந்தன மாலை போட்டு, முன்னால் குத்துவிளக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். முழங்காலுக்குக் கீழே ஒன்றும் தெரியாதபடி ஒரு வெள்ளைத் துணி படத்தைச் சுற்றிக் கட்டியிருந்தது.

யோகா உள்ளே வந்ததைக் கண்ட கலா அன்ரி, பக்கத்தில் இருந்த கதிரையில் மெல்ல இருந்தார்.

“பயப்பிடாதேங்கோ கலா,” என்றார் யோகா. “நான்தான். இடியப்பம் சாப்பிட்டிட்டு வந்தனான்.”

ஒன்றியத் தலைவர் கதிர்காமநாதன் ஓடி வந்தார். எழுபத்தொரு வயது, ஓய்வுபெற்ற எஞ்சினியர். பதினாலு வருடமாக அவர்தான் தலைவர். யோகாவிடம் இரண்டு கையையும் கூப்பி மன்னிப்புக் கேட்டார். மாலையைத் தன் கையாலேயே கழற்றினார். கலா அன்ரி ஒரு பூவால் திரியை அமர்த்தி, விளக்கைத் தூக்கிக்கொண்டு போனார்.

துணி அப்படியே இருந்தது.

“அங்கிள், துணியையும் எடுக்கவேணும்,” என்றாள் கஜந்தி.

“அது கிடக்கட்டும் பிள்ளை.”

“அவ சாகேல்லைத்தானே.”

“அதாலதான் சொல்லுறன். செத்தவ எண்டாலும் நாலு பேர் கும்பிட்டுட்டுப் போயிடுவினம். உயிரோட இருக்கிற ஒரு பொம்பிளை, காலைத் தூக்கிக் கதிரையில வைச்சுக்கொண்டு, சொக்ஸும் கிழிஞ்சு. பெரியாக்கள் வருவினம். கவுன்சிலில இருந்து ஆக்கள் வருவினம். எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?”

“எனக்கொரு வெக்கமும் இல்லை, கதிர் அண்ணை,” என்றார் யோகா.

“உங்களைக் கேக்கேல்லை யோகா. நான் பிள்ளையோட கதைக்கிறன்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “பின்னேரத்துக்கிடையில ரெண்டு காலையும் கீழ இறக்கிக் கீறிவிடும். முகத்தையும் கொஞ்சம் துப்பரவாக்கும். நீலமா இருக்கு, அடிபட்ட மாதிரி. என்ர அப்பாவுக்குக் கண்ணாடி போட்டனீர், தலைப்பா கட்டினனீர். அவர் ஒருநாளும் தலைப்பா கட்டினவரே? கேட்ட உடன ஓம் எண்டனீர். கால் ரெண்டை இறக்கிறது உமக்குப் பெரிய வேலையே?”

ஓம் என்ற சொல் வழக்கம்போலக் கஜந்தியின் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. அதைச் சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். ஒரு மணித்தியால வேலை.

“அங்கிள், உங்கட அப்பா இல்லை,” என்றாள். “என்னத்தைப் போட்டுவிட்டாலும் அவர் ஒண்டும் சொல்லமாட்டார். இவ இருக்கிறா. இவ இப்பிடித்தான் இருந்தவ.”

“அப்ப மாத்தமாட்டீர்.”

“மாத்தமாட்டன்.”

அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை அவளே வெளியில் நின்று கேட்பதுபோல இருந்தது. கதிர்காமநாதனும் அதை எதிர்பார்த்திருக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“போன வருஷம் விசாவுக்குக் கடிதம் கேட்டு என்னட்டைத்தான் வந்தனீர்,” என்றார். “இன்னும் தேவைப்படும்.”

யோகா ஏதோ சொல்ல வாயெடுத்தார். கஜந்தி அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“ஓம் அங்கிள். நான் ஒழுங்கா வேலைக்குப் போறனான், ஆரோடயும் சண்டை பிடிக்காதனான் எண்டு எழுதித் தந்தனீங்கள். அது உண்மை. காலை இறக்கிக் கீறினால்தான் அது உண்மை எண்டால் எனக்கு அந்தக் கடிதம் வேண்டாம்.”

சொல்லிவிட்டுப் போய்த் துணியின் முடிச்சை அவிழ்த்தாள். அவளது கை லோன்றிக் கை. யோசிக்காமலேயே துணியை நாலாக மடித்து, ஓரத்தை நீவி, அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. கதிரையில் வைத்தாள். சொக்ஸும் பெருவிரலும் சீமெந்துத் தரையும் வெளியே வந்தன.

கதிர்காமநாதன் கலா அன்ரியைப் பார்த்து, “படத்தை இறக்கி உள்ளுக்கை வையும்,” என்றார்.

“நான் தொடமாட்டன்,” என்றார் கலா அன்ரி. “ஒருக்கா அவவைச் சாக்காட்டினது போதும்.”

கதிர்காமநாதன் தானே போய், ஈசலைப் படத்தோடு சேர்த்துத் தூக்கி, சுவரைப் பார்க்கத் திருப்பிவிட்டு, மேடைப் பக்கம் நடந்தார். கஜந்தி போய் அதைத் திருப்பினாள். முன்பக்கம் வாசலைப் பார்த்தது.

பத்தரைக்குச் சனம் வரத் தொடங்கியது. கண்காட்சிக்கு இதுவரை எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் வந்தார்கள். குரூப்பில் வந்த அஞ்சலியைப் பார்த்துவிட்டு வெள்ளைச் சேலையும் வேட்டியுமாக, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்கள். யோகா வாசலிலேயே நின்று ஒவ்வொருவராக வரவேற்றார்.

“உள்ளுக்கை போங்கோ. நான் அங்கயும் இருக்கிறன்.”

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் போய்ப் படத்துக்கு முன்னால் நின்றார்கள். முகம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது என்றாள் ஒருத்தி. இன்னும் முடியவில்லையா என்று கேட்டாள் இன்னொருத்தி. பொம்பிளைப் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் படம் எடுத்தார்கள். யோகாவோடு பஸ் ஓட்டும் சுகிர்தன் என்பவர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, “நிலம் நல்லாக் குளிருது போல,” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகக் கஜந்தி அன்று முழுக்க நிற்கத் தயாராக இருந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து ஈசல் மறுபடி சுவரைப் பார்த்து நின்றது. திருப்பினாள். கதிர்காமநாதன் மேடைக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மணிக்கு வேலை தொடங்கும். ஒன்றே காலுக்கு அவள் வெளியே போய் லோன்றி மேற்பார்வையாளருக்கு அழைத்து, இன்றைக்கு வரவில்லை என்றாள். சுகமில்லையா என்று கேட்டார். “சுகமாத்தான் இருக்கிறன்,” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வைத்தாள். நோய் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. திரும்பி வந்தபோது படம் மூன்றாவது தடவையாகச் சுவரைப் பார்த்து நின்றது.

“எத்தினை தரம் திருப்புவீர்?” என்று கேட்டார் கதிர்காமநாதன். குரலில் கோபத்தைவிட களைப்புத்தான் கூட இருந்தது.

“நீங்கள் திருப்பிற அளவுக்கு, அங்கிள்.”

மூன்றரைக்கு நகரக் கவுன்சில் ஆட்கள் வந்தார்கள். கதிர்காமநாதன் அவர்களைச் சுவரோரமாகவே கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வரும் வழியில் ஒரு பெண்மணி யோகாவையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்து, இது நீங்களா என்று கேட்டார். யோகா ஓம் என்றார். யார் வரைந்தது என்று கேட்டார். யோகா கையைக் காட்டவில்லை. கஜந்தியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நான்,” என்றாள் கஜந்தி. பெயரையும் முழுதாகச் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஈசல் திரும்பவில்லை. ஐந்து மணிக்கு மண்டபத்தைப் பூட்ட வேண்டும். கலா அன்ரி விளக்குகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வந்தார். யோகா காரை எடுத்துவரப் போய்விட்டார். கதிர்காமநாதன் திறப்புக் கோர்வையோடு வாசலில் நின்று, படத்தையும் அவளையும் பார்த்தார்.

“நாளைக்கும் இப்பிடித்தானோ?” என்றார்.

“ஓம் அங்கிள்,” என்றாள் கஜந்தி. “ஒன்பது மணிக்கு வந்திடுவன்.”